கண்ணாடி எப்போது உடைகிறது?

(இரண்டாமாண்டு இளமறிவியல் இயற்பியல் மாணவி)

சென்ற டிசம்பரில் ஒரு பிற்பகல், வகுப்பறை மேசையின் விளிம்பிலிருந்து என் செல்போன் நழுவிக் கீழே விழுந்தது. மேசையின் உயரம் முக்கால் மீட்டர். தரையோ காரை பெயர்ந்து சொரசொரப்பாகக் கிடக்கும் பழைய சிமெண்டுத் தரை. குனிந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். வலப்பக்க விளிம்பில் ஓரிடத்திலிருந்து புறப்பட்ட விரிசல், மரக்கிளை போலப் பிரிந்து பிரிந்து கண்ணாடி முழுவதும் படர்ந்திருந்தது.

அந்தச் செல்போனின் விலை 18,000 ரூபாய். வசதி படைத்தோர்க்கு இது ஒரு பொருட்டாக இராது. எங்கள் வீட்டிலோ இது பெருந்தொகை. புதுமைப் பெண் திட்டத்தில் மாதந்தோறும் வரும் 1,000 ரூபாயை முதலாண்டு முழுதும் தொடாமல் சேர்த்து, அம்மா தம் சீட்டுப் பணத்தில் 6,000 ரூபாய் போட்டு வாங்கியது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்தவள் நான் ஒருத்தியே. பாடக்குறிப்பு, தேர்வு விண்ணப்பம், உதவித்தொகைச் செய்தி எல்லாம் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால்தான் இருந்தன. பழுது பார்க்கும் கடையில் காட்டினேன். "கண்ணாடி மட்டும் மாத்த முடியாதும்மா, காம்போதான் மாத்தணும். 6,500 ஆகும்" என்றார்கள். இன்றைய செல்போன்களில் மேற்கண்ணாடியும் அதன் கீழுள்ள படத்திரையும் காற்றிடைவெளி இன்றி ஒன்றோடொன்று ஒட்டப்பட்டவை. படம் தெளிவாகத் தெரிவதற்காகச் செய்த ஏற்பாடு இது. ஆனால் ஒன்று உடைந்தால் இரண்டிற்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டியதாகிறது.

இயற்பியல் மாணவி என்ற முறையில் எனக்கு வருத்தத்தைக் காட்டிலும் ஐயமே பெரிதாக இருந்தது என்று எழுதினால் அது பொய்யாகும். முதலில் அழுகைதான் வந்தது. ஐயம் மறுநாள்தான் வந்தது.

ஐயம் இதுதான். ஆகஸ்டு மாதத்தில் இதே செல்போன், இதே பவுச்சுடன், நூலகத்தில் நின்றுகொண்டிருந்த என் கையிலிருந்து மொசைக் தரையில் குப்புற விழுந்தது. அந்த உயரம் ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர். செல்போனின் நிறை பவுச்சுடன் 200 கிராம் எனக் கொண்டால், தரையைத் தொடும்போது அதன் இயக்க ஆற்றல் 2.45 ஜூல். அன்று ஒன்றும் ஆகவில்லை. டிசம்பரில் முக்கால் மீட்டரிலிருந்து விழுந்தபோது ஆற்றல் 1.47 ஜூல்தான். அதிக அடி பட்டபோது தப்பிய கண்ணாடி, குறைந்த அடியில் உடைந்தது ஏன்?

இதற்கு முதல் விடை சொன்னவர் என் தந்தையார். அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். சாமி படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கண்ணாடி அறுக்கும் வேலை பார்ப்பவர். செல்போனை வாங்கி டியூப் லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். விரிசலின் கிளைகள் எந்தப் பக்கம் பிரிகின்றனவோ அதற்கு எதிர்ப்பக்கமாகவே விரலை ஓட்டிக்கொண்டு போய் விளிம்பில் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இந்தா பாரு தாயி, இங்கதான் ஆரம்பம். இது இன்னிக்கு விழுந்த கீறல் இல்ல. உள்ள அழுக்கு ஏறிக் கெடக்கு பாரு."

"அப்போ கீழ விழுந்ததால ஒடையலையாப்பா?"

"விழுந்தது சும்மா தட்டுன மாதிரி. கீறுனது வேற எப்பவோ."

அவர் தம் தொழிலைத்தான் சொன்னார் என்பது எனக்குப் பிறகே விளங்கியது. கண்ணாடி அறுப்பவர்கள் உண்மையில் கண்ணாடியை அறுப்பதில்லை. டைமண்டை மண்ணெண்ணெயில் தொட்டு, அளவுகோலை ஒட்டி ஒரே இழுப்பாக ஒரு மெல்லிய கீறல் போடுகிறார்கள். அக்கீறல் கண்ணாடியின் கனத்தில் ஒரு சிறு பகுதிக்குத்தான் இறங்கும். பிறகு கீழிருந்து இலேசாகத் தட்டி, மேசை விளிம்பில் வைத்து அழுத்தினால் கீறலின் வழியே கண்ணாடி இரண்டாகப் பிரிகிறது. கீறாத கண்ணாடியை அதே பலத்தோடு அழுத்தினால் அது வளைந்து கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும்.

இந்தக் கைத்தொழில் அறிவுக்குக் கணக்கு வடிவம் கிடைத்தது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பொறியியல் அறிஞர் சார்லஸ் இங்கிலிஸ் 1913-இல், ஒரு தகட்டில் நீள்வட்டத் துளை இருந்தால் அதன் நுனியில் தகைவு எவ்வளவு கூடும் என்று கணக்கிட்டார். கப்பல் தகடுகளில் விரிசல் விழுவதே அவரைத் தூண்டிய சிக்கல். அவர் வாய்பாட்டின்படி கீறல் ஆழமாக ஆக, அதன் நுனி கூர்மையாக ஆக, அங்கே தகைவு குவிகிறது. கீறலின் ஆழம் 10 மைக்ரான் என்றும் நுனியின் வளைவு ஆரம் ஒரு நானோமீட்டர் என்றும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நுனியில் வரும் தகைவு, மற்ற இடத்தில் இருப்பதைப் போல் 201 மடங்கு! கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று இருநூறு பேர் பலத்தை ஓர் ஊசிமுனையில் கொண்டுவந்து நிறுத்துகிறது.

அடுத்து வந்தவர் ஏ. ஏ. கிரிபித். இங்கிலாந்தில் பார்ன்பரோவில் இருந்த அரசு விமான ஆய்வு நிலையத்தில் பணியாற்றியவர். கண்ணாடியை உருக்கி மெல்லிய இழைகளாக இழுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு இழுவிசையைத் தாங்குகிறது என்று அளந்தார். ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள இழை ஏறத்தாழ 170 மெகா பாஸ்கல் தாங்கியது. மூன்று மைக்ரான் அளவுக்கு மெலிந்த இழையோ ஏறத்தாழ 3,400 மெகா பாஸ்கல் தாங்கியது. அதாவது இருபது மடங்கு. கண்ணாடி ஒன்றே, உலையும் ஒன்றே. மெலிந்தது ஏன் வலிமை பெற்றது? மெல்லிய இழையில் பெரிய கீறல் இருக்க இடமில்லை என்பதே விடை. 1920-களின் தொடக்கத்தில் வெளிவந்த அவருடைய கட்டுரையிலிருந்துதான் முறிவு இயலே ஒரு துறையாகத் தோன்றியது. கண்ணாடி பலமற்ற பொருள் என்று நாம் நினைப்பது தவறு. அது பலமான பொருள்தான். ஆனால் கீறலை மன்னிக்காத பொருள். இரும்பில் கீறல் விழுந்தால் நுனியில் உள்ள உலோகம் சற்று இளகி நெளிந்து கூர்மையை மழுங்கச் செய்துவிடும். கண்ணாடியில் அணுக்கள் அவ்வாறு நழுவிக்கொடுக்க வழியில்லை. போதாக்குறைக்குக் காற்றிலுள்ள ஈரமும் கீறலின் நுனியில் புகுந்து சிலிக்கன்–ஆக்சிஜன் பிணைப்பை அறுக்கத் துணை போகிறது.

அப்படியானால் செல்போன் கண்ணாடி சன்னல் கண்ணாடியைவிட எவ்வாறு மேம்பட்டது என்ற வினா எழும். விடை ஓர் எளிய வேதியியல் வினையில் இருக்கிறது. கண்ணாடியில் சோடியம் அயனிகள் உண்டு. அறுத்து விளிம்பு தேய்த்த கண்ணாடித் துண்டை, ஏறத்தாழ 400 டிகிரி செல்சியசில் உருகிய பொட்டாசியம் உப்பில் சில மணி நேரம் ஊற வைக்கிறார்கள். மேற்பரப்பிலுள்ள சோடியம் அயனி வெளியேற, அதன் இடத்தில் பொட்டாசியம் அயனி வந்து உட்காருகிறது. சோடியம் அயனியின் ஆரம் 102 பிக்கோமீட்டர், பொட்டாசியத்தினுடையது 138. மூன்று பேர் அமரும் பேருந்து இருக்கையில் உடல் பருத்த மூவர் வந்து அமர்ந்தால் என்ன ஆகும் என்பது காலை வண்டியில் வரும் நம் எல்லோருக்கும் தெரியும். அதே நெருக்கடிதான் கண்ணாடியின் மேற்பரப்பிலும் நிகழ்கிறது. இதனை அமுக்கத் தகைவு என்கிறோம். இது 700, 800 மெகா பாஸ்கல் வரை இருக்கும். விரிசல் வளர வேண்டுமானால் அதன் வாய் திறக்க வேண்டும். வாயைத் திறக்கும் இழுவிசை முதலில் இந்த நெருக்கடியை வென்றாக வேண்டும். ஆகவே சிறு கீறல்கள் வாய் மூடிக்கொண்டு கிடக்கின்றன.

ஆனால் எல்லாம் இந்த அடுக்கின் ஆழத்தைப் பொறுத்தது. அது பெரும்பாலும் 40 மைக்ரான் அளவே. தலைமயிரின் தடிப்பில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். மேற்பரப்பு நெருக்கிப் பிடிப்பதற்கு ஈடாக, உட்பகுதி இழுவிசையில் நிற்கிறது. ஒரு மணற்பருக்கோ சல்லியின் முனையோ அந்த 40 மைக்ரானைத் துளைத்து உள்ளே எட்டிவிட்டால், அதன் பிறகு விரிசல் ஓட வெளியிலிருந்து யாரும் பெரிதாகத் தள்ள வேண்டியதில்லை. இந்த உண்மையைக் காட்டும் பழைய விளையாட்டுப் பொருள் ஒன்று உண்டு. உருகிய கண்ணாடிச் சொட்டை நீரில் விட்டால் வாலுடன் கூடிய ஒரு துளி கிடைக்கும். ராபர்ட் ஹூக் 1665-இல் வெளியிட்ட தம் நூலில் இதனை விவரித்திருக்கிறார். அதன் தலையைச் சுத்தியால் அடித்தாலும் உடையாது. வாலைக் கிள்ளினாலோ முழுத்துளியும் கணத்தில் தூளாகும். அந்த விரிசல் நொடிக்கு 1,450 மீட்டருக்கும் மேலான வேகத்தில் பாய்வதை 1994-இல் சந்திரசேகர், சவுத்ரி என்ற இரு ஆய்வாளர்கள் அதிவேகப் படக்கருவியால் அளந்து காட்டினர்.

மொசைக் தரையில் தப்பியதும் சிமெண்டுத் தரையில் உடைந்ததும் இப்போது ஓரளவு விளங்குகிறது. வழவழப்பான தரை கண்ணாடியை அகலமாகத் தொடுகிறது. சொரசொரப்பான தரை முனைகளால் தொடுகிறது. கண்ணாடி நிறுவனங்களே தங்கள் விழுச்சோதனையில் தரையின் மேல் 180-ஆம் எண் உப்புத்தாளைப் பரப்பி அதன்மேல்தான் போட்டுப் பார்க்கின்றன. தார்ச் சாலையும் பெயர்ந்த சிமெண்டும் அவ்வாறான உப்புத்தாள்களே அல்லவா?

இந்தக் கண்ணாடி பிறந்த கதையும் சுவையானது. அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் டொனால்டு ஸ்டூக்கி என்ற வேதியியல் அறிஞர் 1950-களின் தொடக்கத்தில் ஒரு கண்ணாடித் தகட்டை 600 டிகிரி உலையில் வைத்தார். உலையின் கட்டுப்பாடு பழுதாகி வெப்பம் 900 டிகிரிக்கு ஏறிவிட்டது. உருகி ஓடியிருக்க வேண்டிய தகடு பால் நிறத்தில் கெட்டியாக இருந்தது. இடுக்கியால் எடுக்கும்போது நழுவித் தரையில் விழுந்தது, உடையவில்லை. கண்ணாடிக்குள் நுண்படிகங்கள் விளைந்திருந்தன. இதனால் ஊக்கம் பெற்ற அந்நிறுவனம் கண்ணாடியை வலுப்படுத்தும் ஆய்வில் இறங்கி, அயனிப் பரிமாற்ற முறையில் செய்த கண்ணாடியை 1962-இல் 'கெம்கார்' என்ற பெயரில் அறிவித்தது. நல்ல பொருள்தான், வாங்க ஆள் இல்லை. சில பந்தயக் கார்களுக்குப் பயன்பட்டதோடு சரி. 1971-இல் அத்திட்டம் மூடப்பட்டது.

முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அதற்கு வாழ்வு வந்தது. 2007 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் காட்டிய ஐபோனின் முகப்பு பிளாஸ்டிக்கால் ஆனது. சட்டைப்பையில் சாவியோடு கிடந்தால் பிளாஸ்டிக் கீறும். அதே ஆண்டு ஜூன் 29-இல் விற்பனைக்கு வந்தபோது முகப்பு கண்ணாடியாகியிருந்தது. கார்னிங்கின் தலைவர் வெண்டெல் வீக்ஸ் கெண்டக்கி மாநிலம் ஹாரட்ஸ்பர்க்கில் இருந்த தொழிற்சாலையைச் சில மாதங்களில் இந்த வேலைக்கு மாற்றியமைத்தார். 'கொரில்லா கிளாஸ்' என்று நாம் விளம்பரங்களில் காண்பது இதன் வழிவந்ததே. 2020-இல் ஐபோன் 12-இல் வந்த 'செராமிக் ஷீல்டு' கண்ணாடியிலோ நுண்படிகங்களே வளர்க்கப்பட்டுள்ளன. ஸ்டூக்கியின் பழுதான உலையிடமே மறுபடியும் வந்து சேர்ந்திருக்கிறார்கள்! நம் காஞ்சிபுரம் மாவட்டம் பிள்ளைப்பாக்கத்திலும் செல்போன் கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றை இந்திய நிறுவனத்தோடு கூட்டாக அமைப்பதாகக் கார்னிங் 2024-இல் அறிவித்தது.

இங்கே என் குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2012-இல் வந்த இரண்டாம் வகைக் கொரில்லா கிளாஸ், பழைய வலிமையே உடையதாயினும் 20 சதவீதம் மெல்லியது என்று பெருமையாக அறிவிக்கப்பட்டது. அதே கனத்தில் வைத்துக் கூடுதல் வலிமையை எங்களுக்குத் தந்திருக்கலாமே! செல்போன் மெலிய வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை.

இனி, கீறல் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்கலாம். அக்டோபரில் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் சென்று வாய்க்கால் தூர்வாரினோம். மூன்று நாளும் செல்போன் என் பையில், மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலை நாம் அறிவோம். ஒன்றை மற்றொன்றால் கீறிப் பார்த்து வரிசைப்படுத்திய முறை அது. பித்தளைச் சாவி அதில் மூன்று நான்கில் நிற்கும். கண்ணாடி ஐந்தரை, ஆறு. மணலில் பெரும்பகுதியான குவார்ட்சு ஏழு. ஆகவே சாவியும் சில்லறையும் நாம் அஞ்சும் அளவுக்குக் கண்ணாடியை ஒன்றும் செய்வதில்லை. அஞ்ச வேண்டியது பைக்குள் இருக்கும் ஒரு சிட்டிகை மணலுக்குத்தான். துணியால் கண்ணாடியைத் துடைக்கிறோம் என்று மணலை வைத்துத் தேய்ப்பதும் அவ்வாறே.

அப்போது என் செல்போனில் டெம்பர் இல்லை. மூலை பெயர்ந்துபோனதால் செப்டம்பரிலேயே பிய்த்து எறிந்துவிட்டேன். புதிது ஒட்ட 100 ரூபாய். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

டெம்பர் விற்பவர்கள் '9எச்' என்று சொல்லிக் கொடுப்பார்கள். மோஸ் அளவில் ஒன்பது என்றால் அது நீலக்கல். 100 ரூபாய்க்கு நீலக்கல் யார் தருவார்? 9எச் என்பது பென்சில் கடினம். பூச்சுப் பூசிய பரப்பின்மேல் வெவ்வேறு பென்சில்களால் கீறிப் பார்க்கும் சோதனையில், மிகக் கடினமான 9எச் பென்சிலுக்கும் கீறல் விழவில்லை என்பதே அதன் பொருள். எந்தக் கண்ணாடித்துண்டும் அதில் தேறிவிடும். ஆகவே அந்த எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதே சமயம் டெம்பர் வீண் என்றும் நான் சொல்லமாட்டேன். மணல் போடும் கீறலை அது தன்மேல் வாங்கிக்கொள்கிறது. நடுவில் பசை இருப்பதால் அதன் விரிசல் கீழே உள்ள கண்ணாடிக்குள் இறங்குவதில்லை. கீறல் விழுந்ததும் உரித்துவிட்டு வேறு ஒட்டலாம். டெம்பர் கீறலுக்குக் காவல். வீழ்ச்சிக்குக் காவல் பவுச். இரண்டின் வேலையையும் குழப்பிக்கொண்டதுதான் நான் செய்த தவறு.

பவுச் எப்படிக் காக்கிறது என்பதற்கு முதலாண்டில் படித்த இயக்கவியலே போதும். 1.47 ஜூல் ஆற்றலோடு விழும் செல்போன் கெட்டியான தரையில் அரை மில்லிமீட்டர் தூரத்துக்குள் நிற்கிறது என்று கொள்வோம். ஆற்றலைத் தூரத்தால் வகுத்தால் சராசரி விசை 2,940 நியூட்டன். முந்நூறு கிலோ எடையை அந்தக் கண்ணாடி விளிம்பில் கணநேரம் வைத்தது போன்றது. பவுச்சின் மூலை மூன்று மில்லிமீட்டர் அமுங்கிக் கொடுத்தால் விசை 490 நியூட்டனாக, அதாவது ஆறில் ஒரு பங்காகக் குறைகிறது. எனவே பவுச் வாங்கும்போது முதுகில் என்ன படம் போட்டிருக்கிறது என்று பார்ப்பதை விட்டு, நான்கு மூலையும் தடித்து மெத்தென்று இருக்கிறதா, முகப்பு விளிம்பு கண்ணாடியைவிட ஒரு மில்லிமீட்டராவது உயர்ந்து நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். என்னுடையது வழவழவென்று தட்டையாக இருந்த மெல்லிய பவுச். கடையில் பார்க்க அழகாக இருந்தது. விளிம்பு உயரம் இல்லாததால் சிமெண்டு முனை நேரே கண்ணாடியைத் தொட்டது. அதுவும் கீறல் இருந்த பக்கமாகவே.

6,500 ரூபாய் இன்னும் சேரவில்லை. விரிசலின்மேல் ஒரு டெம்பரை ஒட்டி, தூள் உதிராமல் வைத்து, அந்தச் செல்போனையே பயன்படுத்தி வருகிறேன்.

இவற்றையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் உட்கார்ந்து அப்பாவுக்கு விளக்கினேன். உருகிய உப்பில் ஊற வைக்கும் பகுதி வந்ததும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்போ நம்ம கடைக் கண்ணாடிய அந்த உப்புல போட்டா?"

"அதுலயும் சோடியம் இருக்குப்பா. பலமாகும். ஆனா மேல்தோல் ரொம்ப மெல்லிசாத்தான் வரும்."

சற்று யோசித்தார். "ஊறுன பெறகு டைமண்ட் வெச்சா?"

"அறுத்த விளிம்புல அந்த நெருக்கடி இருக்காதுப்பா. அந்த இடம் பழையபடி சாதாக் கண்ணாடிதான். அதனால முதல்ல அறுத்து, விளிம்பத் தேய்ச்சு, அப்புறம்தான் உப்புல போடுவாங்க."

"அதானே பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, டைமண்டை மண்ணெண்ணெயில் தொட்டார்.